உப்பளத்து வெயிலும் கணிப்பொறியின் வெப்பமும்



புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னைக்குப் பயணம் செய்பவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்கள் விரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்புநீர் நிற்கும். அந்நீரின் ஆழமோ சில அங்குலத்துக்கு மேல் இராது. இவ்வளவு அகன்ற நிலம் எதற்கு, ஆழமாக ஒரே குளம் வெட்டி நீரை நிறைத்துவிட்டால் ஆகாதா என்று எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருமுறை கேட்டான். நல்ல கேள்வி. சூரியன் தரும் வெப்பம் பரப்பைப் பொறுத்தது என்பதே அதற்கு விடை. மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு, பத்தில் ஒரு வாட்தான் கிடைக்கும். நிறைய நீர் வற்ற வேண்டுமானால் நிறைய இடம் வேண்டும் என்பதை உப்பளத்தார் பௌதிகம் படிக்காமலே அறிந்திருக்கின்றனர்.

மரக்காணத்துக்குத் தெற்கே ஆரோவில் இருக்கிறது. அங்கே சூரியச் சமையற்கூடத்தின் கூரைமீது 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் ஒன்றைக் காணலாம். அதன் உட்புறம் முழுவதும் சிறுசிறு கண்ணாடிகள் பதித்திருக்கின்றனர். கிண்ணம் அசைவதில்லை. அதன் மேலே தொங்கும் கொதிகலன்தான் சூரியனைப் பின்தொடர்ந்து நகர்கிறது. பரந்த பரப்பில் விழும் வெயில் ஒரு சிறிய இடத்தில் குவிந்து நீரை ஆவியாக்குகிறது. அந்த நீராவியால் கீழே பல நூறு பேருக்குச் சோறும் குழம்பும் வேகின்றன.

உப்பளத்தில் வெப்பத்தை வாங்குவதற்காக நீரைப் பரப்புகிறோம். ஆரோவில்லில் பரந்த வெப்பத்தைக் குவிக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளில் நிலைமை வேறு. அங்கே யாரும் விரும்பாத வெப்பம், யாரும் குவிக்காமலே, நகத்தளவு இடத்தில் தானாகப் பிறக்கிறது. அதனை எவ்வாறேனும் பரப்பி வெளியேற்றியாக வேண்டும். கணிப்பொறியின் மூளை என்று சொல்லப்படும் செயலியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

செயலி எதையும் தூக்குவதில்லை, எதையும் அரைப்பதில்லை, எதையும் இழுத்துச் செல்வதுமில்லை. ஆதலால் அது வாங்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. நூறு வாட் செயலி என்றால் அது நூறு வாட் அடுப்பு என்றே கொள்ளலாம். கணக்குப் போடுவது, அந்த அடுப்பு எரியும்போது நடக்கும் காரியம்.

இந்த வெப்பம் எப்படிப் பிறக்கிறது? செயலி என்பது டிரான்சிஸ்டர் எனப்படும் மிகச் சிறிய மின்விசைகளின் கூட்டம். ஒவ்வொரு முறை ஒரு விசை திறந்து மூடும்போதும் சிறிதளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் மூன்றைப் பொறுத்தது. நிரம்பி வடியும் மின்தேக்குத்திறன் ஒன்று, ஒரு வினாடியில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்ற துடிப்பு ஒன்று, மூன்றாவது மின்னழுத்தம். இந்த மூன்றாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மற்ற இரண்டும் இரு மடங்கானால் செலவும் இரு மடங்காகும். மின்னழுத்தம் இரு மடங்கானாலோ செலவு நான்கு மடங்காகும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பெருக்க வேண்டும் என்பதை மறவாதிருங்கள். இனி வரும் கதை முழுவதும் அந்த வர்க்கத்தைச் சுற்றியே நடக்கிறது.

1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முதல் நுண்செயலியில் ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1965லேயே எழுதியிருந்தார். அவர் பெயரைப் பலரும் அறிவர். ஆனால் இராபர்ட் டென்னார்டு என்பவரின் பெயரை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவரும் அவருடைய தோழர்களும் 1974இல் வெளியிட்ட கட்டுரை, மூரின் வாக்கு பலித்ததற்கு அடிப்படையான காரணத்தைக் கூறிற்று. டிரான்சிஸ்டரின் நீள அகலங்களைச் சுருக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே அளவில் சுருக்கினால், ஒரே பரப்பில் முன்னைவிட மிகுதியான டிரான்சிஸ்டர்களை அடைத்து, முன்னைவிட வேகமாக இயக்கினாலும், அந்தப் பரப்பில் பிறக்கும் வெப்பம் கூடாது! இதைவிட நல்ல பேரத்தை இயற்கை மனிதனுக்குத் தந்ததில்லை எனலாம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கணிப்பொறித் தொழில் இந்தப் பேரத்தை நம்பியே நடந்தது.

ஆனால் மின்னழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொண்டே போக இயலவில்லை. ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகுப் பலகை கனமாக இருந்தால் நீரை முற்றிலும் தடுக்கும். பலகை இலேசாகிவிட்டால் இடுக்கின் வழியே நீர் கசியத் தொடங்கும். டிரான்சிஸ்டரும் அப்படித்தான். அதனைத் திறக்கும் மின்னழுத்தத்தை மிகவும் தாழ்த்திவிட்டால், மூடியிருக்கும்போதும் மின்னோட்டம் கசிகிறது. ஒரு மதகில் கசிந்தால் பாதகமில்லை. கோடிக்கணக்கான மதகுகளில் கசிந்தால் ஏரியே வற்றிவிடும். ஆகவே மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை ஒட்டி நின்றுவிட்டது. சுருங்குவது நிற்கவில்லை, துடிப்பைக் கூட்டும் ஆசையும் நிற்கவில்லை. பேரம் முறிந்தது.

முறிந்த காலம் 2004. அவ்வாண்டு வெளிவந்த, ‘பிரெஸ்காட்’ என்று குறிப்பெயர் பெற்ற பென்டியம்-4 செயலியின் பரப்பு 112 சதுர மில்லிமீட்டர். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரைவிடச் சற்றே அதிகம். அதன் வேகமிக்க வகை 3.8 கிகாஹெர்ட்ஸ் துடிப்பில் ஓடியது. அதற்காகக் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 115 வாட். வகுத்துப் பாருங்கள். நகத்தளவு பரப்பில் நூறு வாட் வருகிறது. மரக்காணத்து நண்பகல் வெயில் அதே பரப்பில் தருவது பத்தில் ஒரு வாட் என்று பார்த்தோம். ஆகவே அந்தச் சில்லின் முகத்தில் ஆயிரம் சூரியன்களின் வெயில் காய்ந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.

அதே நிறுவனம் அதற்கு அடுத்ததாக இன்னும் வேகமான ஒரு செயலியைத் திட்டமிட்டிருந்தது. வடமொழியில் ஒளி, சுடர் என்று பொருள்படும் ‘தேஜஸ்’ என்பது அதன் குறிப்பெயர். 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டனர். பெயர் வைத்தபோதே தெரிந்திருக்க வேண்டும் போலும்!

கைவிட்டுவிட்டு எந்த வழியில் திரும்பினர்? இதோ ஒரு சிறு கணக்கு. ஒரு செயலியின் மின்னழுத்தத்தையும் துடிப்பையும் ஐந்தில் ஒரு பங்கு குறைப்போம். மின்னழுத்தத்தின் வர்க்கம் 0.8 பெருக்கல் 0.8, துடிப்பு இன்னொரு 0.8, மூன்றையும் பெருக்கினால் 0.512. வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. மின்செலவோ ஏறத்தாழ பாதியாகிவிட்டது. மிச்சமான பாதியில் இன்னொரு செயலியை அதே சில்லில் வைக்கலாம். இருவரும் சேர்ந்து செய்யும் வேலை 1.6 மடங்கு, மின்செலவு பழையபடியே. ஒருவனை மூச்சிரைக்க ஓடவிடுவதைவிட இருவரை இயல்பாக நடக்கவிடுவது சிக்கனம் என்பதே இதன் கருத்து. ஐ.பி.எம். 2001லேயே இரட்டைச் செயலியை ஒரே சில்லில் அமைத்திருந்தது. 2005இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் அதனைக் கொண்டுவந்தன. கடைகளில் ‘நாலு கோர்’, ‘எட்டு கோர்’ என்று விற்கிறார்களே, அதன் பிறப்பு இதுதான். அந்தக் கோரை இனிக் கரு என்று சொல்வோம். பல கருக்கள் வந்ததற்குக் காரணம் புதுமை மோகம் அன்று. வெப்பம் வேறு வழியை அடைத்துவிட்டது.

இந்தத் திருப்பத்தில் நம் நாட்டவரின் கையும் இருந்தது. பல கருச் செயலியின் வரலாற்றில் பெங்களூருக்கு ஓர் இடம் உண்டு. 2007இல் இன்டெல் நிறுவனம் எண்பது கருக்களைக் கொண்ட ஓர் ஆராய்ச்சிச் சில்லை வெளிக்காட்டியது. அதன் வடிவமைப்பில் ஒரு பகுதியைப் பெங்களூரிலுள்ள பொறியாளர்கள் செய்தனர். வினாடிக்கு ஓர் இலட்சம் கோடிக் கணக்குகளை அது 62 வாட் மின்சாரத்தில் செய்தது. அதே வேகத்தை 1996இல் எட்டிய அமெரிக்கப் பேராற்றல் கணிப்பொறி ஒன்று, ஏறத்தாழ பத்தாயிரம் செயலிகளைக் கொண்டு, ஒரு பெரிய கூடத்தை நிரப்பி, 500 கிலோவாட்டுக்கு மேல் விழுங்கியது. பதினோர் ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. எண்பது கருச் சில்லின் பரப்பு 275 சதுர மில்லிமீட்டர். எனவே சதுர சென்டிமீட்டருக்கு 23 வாட்டுக்கும் குறைவு. ஆயிரம் சூரியன்கள் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டன. (அது கடைக்கு வந்த சரக்கு அன்று என்பதையும், எளிய வகைக் கணக்குகளுக்கு மட்டுமே உரியது என்பதையும் நியாயம் கருதிச் சொல்லிவிடுகிறேன்.)

மறு ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ஆறு கருச் செயலி, முழுவதும் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டதாகும். 190 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்டது அது. 2009 டிசம்பரில் நாற்பத்தெட்டுக் கருக்கள் கொண்ட இன்னோர் ஆராய்ச்சிச் சில்லு வந்தது. அதிலும் பெங்களூருக்குப் பங்கு உண்டு. எனக்கு இந்த மூன்றாவதே மிகவும் பிடித்தமானது. காரணம், கருக்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் மின்னழுத்தத்தையும் துடிப்பையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் அதில் வழி செய்திருந்தனர். வேலைக்குத் தக்கவாறு 25 வாட்டிலும் ஓடும். 125 வாட்டிலும் ஓடும். ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கும் நல்ல வழக்கத்தைச் சில்லுக்குக் கற்பித்துவிட்டனர்!

சரி, கருக்களைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. இரண்டு தடைகள் உள்ளன.

முதல் தடையை ஜீன் அம்டால் 1967லேயே எடுத்துரைத்தார். உப்பளத்தையே பாருங்கள். கடல்நீர் முதலில் தேக்கத்தில் நிற்க வேண்டும். அடர்ந்த பிறகே பாத்திக்கு வர வேண்டும். உப்புப் பூத்த பிறகே வார வேண்டும். வாருவதற்கு நூறு ஆட்களை அமர்த்தலாம். நீர் முதிர்வதை நூறு ஆட்களும் விரைவுபடுத்த முடியாது. அதுபோல ஒரு கணக்கில் பத்தில் ஒரு பகுதி வரிசையாகத்தான் நடந்தாக வேண்டும் என்றிருந்தால், ஆயிரம் கருக்களைக் கொடுத்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.

இரண்டாவது தடை பழைய பகையாளியான வெப்பமே. டிரான்சிஸ்டர்கள் சுருங்கச் சுருங்க ஒரே சில்லில் மேலும் மேலும் கருக்கள் அடங்குகின்றன. மின்னழுத்தமோ இறங்க மறுக்கிறது. எனவே எல்லாக் கருக்களையும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் இயக்கினால் சில்லு தாங்காது. ஒரு பகுதியை அணைத்து வைத்தே தீர வேண்டும். 2011இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று இதற்கு ‘இருண்ட சிலிக்கன்’ என்ற பெயரையே தலைப்பில் தாங்கி வந்தது. பெரிய மாளிகை கட்டியாயிற்று. எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் விளக்கேற்ற மின்வாரியம் இசைவு தரவில்லை என்பது போன்ற நிலை இது.

இதற்குச் சான்று தேட வேண்டாம். உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் கைப்பேசியை வண்டியின் முன்னே பொருத்தி, வழி காட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். சிறிது நேரத்தில் திரை மங்கும். தொட்டால் காரியம் தாமதமாக நடக்கும். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கைப்பேசிக்குள் விசிறி கிடையாது. சில வாட்டுகளுக்கு மேல் தொடர்ந்து வெளியேற்ற அதற்கு வழியும் இல்லை. ஆகவே சூடு மிஞ்சும்போது அதன் செயலி தானே துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. அதன் எட்டுக் கருக்களில் பெரியவை சில, சிறியவை சில. இலேசான வேலையைச் சிறியவற்றிடம் விட்டுவிட்டுப் பெரியவை உறங்கும். எட்டு கோர் என்ற விளம்பரத்தைக் கேட்டு எட்டும் எப்போதும் உழைப்பதாக நினைத்துக்கொள்பவர் மிகப் பலர்.

இப்போது பெரிய கணிப்பொறிகளுக்கு வருவோம். 2024 அக்டோபரில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஒரு செயலியில் 192 கருக்கள் இருக்கின்றன. வெப்ப அளவு 500 வாட். ஒரு கருவுக்கு மூன்று வாட்டுக்கும் குறைவு. அதன் அடிப்படைத் துடிப்பு 2.25 கிகாஹெர்ட்ஸ். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒற்றைக் கருவாக எரிந்த பிரெஸ்காட்டின் துடிப்பு 3.8 என்பதை நினைவிற்கொண்டு ஒப்பிடுங்கள். துடிப்பு ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காக என்விடியா நிறுவனம் 2022இல் கொணர்ந்த எச்-100 சில்லோ 700 வாட் வரை வாங்குகிறது. கரு ஒவ்வொன்றும் சிக்கனமாயிற்று. சில்லு முழுவதும் ஊதாரியாகவே இருக்கிறது.

நம் நாட்டிலும் அத்தகைய செயலி ஒன்று உருவாகிவருகிறது. 1991இல் பரம் 8000 என்னும் பேராற்றல் கணிப்பொறியை ஆக்கிய சி-டாக் நிறுவனம் அதனை வடிவமைக்கிறது. அகரம், உகரம், மகரம் மூன்றும் கூடிய ‘ஓம்’ என்பது அதன் பெயர். மின்தடையின் அலகும் தமிழெழுத்தில் ஓம்தான் என்பது ஒரு வேடிக்கை. 2023இல் வெளியான விவரங்களின்படி அதில் 96 கருக்கள். நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டாக இரண்டு சில்லுகளில் பிரித்து வைக்கப்படுகின்றன. நினைவகத்தின் ஒரு பகுதியைச் செயலிக்குப் பக்கத்திலேயே அடுக்கடுக்காக வைக்கின்றனர். இதுவும் மின்சிக்கனத்தை நாடியே. ஒரு பெருக்கல் கணக்கைச் செய்வதற்கு ஆகும் மின்சாரத்தைவிட, அதற்குரிய எண்ணைத் தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்து வரவழைக்க ஆகும் மின்சாரம் பல நூறு மடங்கு. உப்பைவிட வண்டிக்கூலி அதிகம் என்பது போல.

அதன் வெப்ப அளவு ஏறத்தாழ 320 வாட் என்று கூறப்பட்டது. ஒரு நாள் முழுவதும் அந்த அளவில் ஓடினால் ஏழரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது அன்றோ? ஓர் ஏழைக் குடும்பம் அறுபது நாள் விளக்கேற்றி விசிறி சுழற்றும் அந்த மின்சாரத்தை இந்த ஒரே செயலி பதின்மூன்று நாளில் கரைத்துவிடும். பேராற்றல் கணிப்பொறியில் இத்தகைய செயலிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இதைச் சொல்வதால் அந்தச் செயலி வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. புயலின் பாதையைக் கணிக்கவும் மருந்து காணவும் அது வேண்டும். வினாடிக்கு எத்தனை கணக்கு என்று மட்டும் கேட்காமல், ஒரு வாட்டுக்கு எத்தனை கணக்கு என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி.

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலிகள் வேறு வழியில் செல்கின்றன. பேராற்றலை நாடாமல், சிறு கருவிகளுக்கு ஏற்ற சிக்கனமான செயலிகளை அங்கே முதலில் ஆக்கினர். அந்த வழியில் வந்த ‘ஐரிஸ்’ என்னும் சில்லு, விண்வெளிப் பணிக்காக இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. விண்வெளியில் காற்று இல்லை, விசிறி பயன்படாது. வெப்பத்தை உலோகத்தின் வழியே கடத்திக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியே விட முடியும். அங்கே ஒவ்வொரு வாட்டும் எண்ணப்படுவது இயல்பே.

தரைக்கே திரும்பி, பிறந்த வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதைப் பார்த்துவிடுவோம். சிலிக்கன் சில்லு ஏறத்தாழ 100 பாகை சென்டிகிரேடு வரைதான் தாங்கும். சில்லின்மேல் செதில் செதிலான உலோகத் துண்டை வைத்து விசிறியால் காற்று வீசுவது எளிய முறை. செதில்கள் எதற்கு? உப்பளத்தில் பரப்பை விரித்ததற்கு எது காரணமோ அதேதான். காற்று போதாதபோது நீரை நாடுகின்றனர். ஒரே கன அளவுள்ள நீர், காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். புனேயில் 2019இல் அமைத்த பரம் பிரம்மா கணிப்பொறியில் இவ்வாறு நீரைச் செயலிக்கு அருகிலேயே ஓடவிட்டுக் குளிர்விக்கின்றனர்.

அந்த நீர் வாங்கிய வெப்பத்தையும் எங்காவது விட வேண்டும். பல பெரிய கூடங்களில் அதைக் குளிர்விப்புக் கோபுரத்தில் பொழியவிட்டு, ஒரு பகுதியை ஆவியாகப் போகவிடுகிறார்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 320 வாட் செயலியின் ஒரு நாள் வெப்பத்தை இப்படி மட்டுமே போக்குவதானால் பதினொரு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். வெயில் நாளில் உப்பளத்துப் பாத்தியின் இரண்டு சதுர மீட்டரில் வற்றும் நீர் ஏறக்குறைய அவ்வளவுதான். உப்பளத்தில் வற்றுவது கடல்நீர். கோபுரத்துக்கோ பெரும்பாலும் நல்ல நீர் வேண்டும். கோடையில் குடிநீருக்குக் குடத்துடன் நின்று பழகிய சென்னைக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

இன்னொன்றும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்தால் நீர் ஆவியாவது மந்தப்படும். நிலத்திலிருந்து உலர்ந்த மேல்காற்று வீசும் நாளில் பாத்தியில் உப்பு விரைந்து விளைவதும், கடலிலிருந்து ஈரக்காற்று வரும் நாளில் தாமதிப்பதும் இதனால்தான். கடற்கரையில் அமையும் கணிப்பொறிக் கூடத்தின் கோபுரமும் இதே காற்றுக்குக் கட்டுப்பட்டது. எவ்வளவு என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சுவரில் இரண்டு வெப்பமானிகள் சேர்ந்து தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அந்த ஈரக்குமிழ் காட்டும் எண்ணுக்குக் கீழே எந்தக் கோபுரமும் நீரைக் குளிர்விக்க இயலாது. நாளைக்கு அதில் தூசியைத் துடைத்து, துணியை நனைத்து, காலையிலும் பிற்பகலிலும் ஒருமுறை குறித்துப் பாருங்கள்.